துணிமலையில் ஒரு களப்பயிற்சி

என் நாத்தனார் கல்லைக் கடிப்பார். சோற்றில் கல் கிடந்தால் நமக்குப் பல் கூசும். அவர் வேண்டுமென்றே கடிப்பார். ஒரு பாறை களிமண்ணால் ஆனதா வண்டலால் ஆனதா என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், ஒரு துணுக்கை முன்பல்லில் வைத்து அரைத்துப் பார்க்க வேண்டுமாம். நறநறத்தால் வண்டல், வழுவழுத்தால் களிமண். எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரையே கடித்துப் பார்த்தவர். துக்க வீட்டுக்குப் போனாலும் வாசல் படிக்கல்லைத் தடவிவிட்டுத்தான் அழப் போவார்.

அவர் புவியியல் ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் மாடியில்தான் இருக்கிறார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தெருவில் பாறை டீச்சர் என்றால்தான் தெரியும். ஆசிரியர்களையும், ஆசை இருக்கிற மற்ற பெரியவர்களையும் பஸ்ஸில் ஏற்றி மலைச்சாலைக்குக் கூட்டிப் போய்க் களப்பயிற்சி நடத்துவார். சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் பாறை அடுக்கடுக்காகத் தெரியும். அதைத் தொட்டு, அளந்து, உடைத்துப் பார்ப்பதுதான் பாடம்.

கல்வி அலுவலகத்துக்கு இது பிடிக்கவில்லை. "போர்டுல வரைஞ்சா போதாதா? எதுக்கு பஸ்?" என்றார்கள். இந்த முறை ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பயிற்சி இத்தோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

"நாலு சுவத்துக்குள்ள மலையப் பத்திப் பேசறது, சமையல் புத்தகத்த நக்கற மாதிரி" என்று அக்கா புலம்பினார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பாவமாக இருந்ததால் சாப்பாட்டு மூட்டையோடு நானும் பஸ்ஸில் ஏறினேன்.

போய் இறங்கினால் பாறையைக் காணோம். மண் சரிகிறது என்று சாலைக்காரர்கள் மேலிருந்து கீழ்வரை சிமெண்ட் பூசிவிட்டார்கள். பூசியதோடு விட்டார்களா? பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் பாறை மாதிரியே பெயிண்ட் அடித்திருந்தார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் கோணமானியை வைத்துப் பெயிண்டின் சாய்வை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவ்வளவுதானா மேடம்?"

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாரும் ஏறுங்க. வேற இடம் இருக்கு."

அந்த வேறு இடம் எங்கள் வீட்டுப் பின்னறை. துவைத்துக் காய்ந்த துணியை மடிக்க நேரமில்லாமல் அங்கேதான் கொட்டுவேன். குவியல் என் தோள் உயரம். எல்லா வீட்டிலும் இருப்பதுதான், எவளும் வெளியே சொல்ல மாட்டாள்.

"அக்கா, என் மானத்த வாங்காதீங்க" என்று கதவை மறித்தேன்.

"மானம் எந்த அடுக்குல இருக்குன்னு பாத்துட்டு எடுத்துத் தந்துடறேன். நகரு."

பஸ் கூட்டம் முழுவதும் உள்ளே வந்தது. களம் என்றால் ஹெல்மெட் கட்டாயமாம், கழற்றாமலே வந்தார்கள். நூல் பிடித்து அளந்தார்கள், லென்ஸ் வைத்து என் பாவாடையைப் பார்த்தார்கள்.

"கீழ இருக்கறது பழசு, மேல இருக்கறது புதுசு. பூமிக்கும் இதே விதிதான்" என்றார் அக்கா. "நடுவுல பாருங்க, கம்பளி. அது ஒரு குளிர்காலம். அதுக்குக் கீழ மழைக்கோட்டு. அப்ப குளிருக்கு முன்னால?"

"மழை!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுச் சுத்தியலை எடுத்தார். பிடுங்கி வைத்தேன்.

அதிகாரி மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இந்தப் பச்சைத் துண்டு எப்ப வாங்கினது?" என்று என்னைக் கேட்டார்.

"போன மாசம்."

"மேல இருக்கற யூனிபார்ம்?"

"பொண்ணு அஞ்சாவது படிச்சப்ப போட்டது. இப்ப எட்டாவது."

அவர் நிமிர்ந்தார். "புதுசு கீழ இருக்கு, பழசு மேல இருக்கு. உங்க விதி ஒரு துணிக்கே நிக்கல மேடம். பூமிக்கு எப்படி நிக்கும்?"

அக்கா குவியலைச் சுற்றி வந்தார், முட்டி போட்டார், பக்கவாட்டில் ஒரு குழியைக் கண்டார்.

"இது தானா வந்ததில்ல. யாரோ அடியிலிருந்து இழுத்திருக்காங்க. அடுக்கு புரண்டிருக்கு. தம்பி! இங்க வாடா!"

என் வீட்டுக்காரர் பேப்பரோடு வந்து நின்றார்.

"போன மாசம் இதுல என்னடா தேடின?"

"பெல்ட்டுக்கா."

"தேடிட்டு?"

"எல்லாத்தையும் அப்படியே கவுத்துட்டு வந்துட்டேன்."

"நாசமாப் போச்சு" என்றேன் நான். நல்ல சாட்சி கிடைத்தது என்று மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அதிகாரி விடவில்லை. "சும்மா சொல்றாரு. எப்படி இழுத்தீங்க? இழுத்துக் காட்டுங்க." சொல்லிக்கொண்டே குழிப் பக்கம் போய்க் குந்தினார்.

என் வீட்டுக்காரர் சொன்ன பேச்சு கேட்பவர். இழுத்தார். மொத்தமும் சரிந்து அதிகாரி மேல் விழுந்தது. ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது.

நான் ஓடினேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாத! முதல்ல வரையட்டும். சார், மூச்சு விட முடியுதா?"

"முடியுது" என்றது துணி.

"அப்ப அசையாதீங்க, அடுக்கு கலைஞ்சிடும்."

ஹெல்மெட்டுகள் குனிந்து வரைந்தன. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேடம்… இப்ப நான்தான அடியில இருக்கேன்?"

"ஆமா சார்."

"ஆனா இந்தக் குவியலுக்கு நான்தான் கடைசியா வந்தேன்."

"ஆமா சார்."

"அப்ப என்னை மட்டும் பாத்தா நான் பழசுன்னு தோணும். சரிஞ்சதையும் சேத்துப் பாத்தாதான் உண்மை தெரியும்." துணி மெதுவாகத் தலையாட்டியது. "இத போர்டுல வரைஞ்சிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காது."

வெளியே இழுத்தோம். தோளில் ஒரு காலுறையோடு எழுந்து நின்றார். "நடத்துங்க மேடம். வருஷா வருஷம் நடத்துங்க. பஸ்ஸுக்கு நான் சொல்றேன்."

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நல்லதுதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அறை முழுக்கத் துணி. ஒவ்வொருவராகச் செருப்புத் தேடக் கிளம்பினார்கள். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

"பாடம் முடிஞ்சுதுல்ல? உக்காந்து மடிங்க."

மடித்தார்கள். யூனிபார்மைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி பணிவாகக் கேட்டார்:

"மேடம், இது எந்த அடுக்கு?"

"அலமாரி சார், மூணாவது தட்டு" என்றார் அக்கா.