பூஜ்யம் என்று சொன்ன வாய்

சபையாரே, ஒரு சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என் கணவர் தாவீதின் வலது கை கம்பெனியில் பிரஸ் மிஷினில் சிக்கியது. விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். நரம்பு வலி மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது.

நான் ஓசூர் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரிக்கல் துறையில் ஆராய்ச்சி செய்கிறவள். வலி மருந்துகளை ஆராயும் ஒரு டாக்டரம்மாவோடு சேர்ந்து வேலை. கையில் ஒரு பட்டை கட்டுவோம். தோலில் ஓடும் மின்துடிப்பைப் பார்த்து, மருந்துக்குப் பிறகு வலி எவ்வளவு குறைந்தது என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அது மனிதர்களிடம் பாடம் படிக்க வேண்டும். பட்டை கட்டியவர் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் தன் வலியைச் சொல்வார். அந்த எண்தான் அதற்குப் பாடம். மூட்டுவலி, முதுகுவலி என்று மருந்து சாப்பிடும் நம் சபையார்தான் எனக்காக வந்து உட்கார்ந்தீர்கள். மறக்கமாட்டேன்.

அந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தாவீதும் சம்மதித்து, இடது கையில் பட்டை கட்டிக்கொண்டார். வலி இல்லை என்றது கம்ப்யூட்டர். "வலி இல்ல, ஸ்தோத்திரம்" என்றார் அவரும்.

"ரெண்டும் ஒத்துப்போகுதே! நாளையிலிருந்து மாத்திரையக் குறைச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா.

நான் குதித்திருக்க வேண்டும். ஆனால் தாவீதின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. தலையணை ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஐயோ, நான் எதை நம்புவேன்! வராந்தாவில் நின்று அழுதேன். "ஆண்டவரே, என் படிப்புக்கு எட்டல. எங்க தப்புன்னு நீங்களே காட்டுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தால், ஜூஜுவாடியிலிருந்து ரோசி அக்கா பார்க்க வந்திருந்தார். நம் சபையில் முதல் ஆளாக எனக்காகப் பட்டை கட்டிக்கொண்டவர். தாவீதின் தோளைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "விடாம அறிக்கை பண்ணுங்க தம்பி, சுகமாயிட்டேன்னு வாயால சொல்லிக்கிட்டே இருங்க. எனக்கு முட்டி உயிர் போற மாதிரி வலிச்சுது. இவ கேட்டப்பல்லாம் பூஜ்யம்னுதான் சொன்னேன். வலிக்குதுன்னா அவிசுவாசம் ஆயிடாதா? நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தான சொன்னோம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாருமா? உயிர் போகிற வலியைக் காட்டி, இதற்குப் பெயர்தான் பூஜ்யம் என்று கம்ப்யூட்டருக்கு நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்! அது என்ன செய்யும், பாவம்? விசுவாச அறிக்கை கேட்டே வளர்ந்தவள் நான். எனக்கு எப்படி இது தோன்றாமல் போனது!

தாவீதின் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். "ஏங்க, நெஜத்தச் சொல்லுங்க. வலிக்குதா?"

உதடு துடித்தது. "தாங்க முடியல கிரேஸு. பத்துடி, பத்து."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். ரோசி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். கேட்டதும் அவர் தாவீதின் மருந்துச் சீட்டை எடுத்தார். மாத்திரையைக் குறைக்கவில்லை, வேறு மருந்து சேர்த்தார். அந்த வாரம் போவதற்குள் என் கணவர் தூங்கினார். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணீர் காய்வதற்குள் பதில் கொடுத்த தேவனை என்ன சொல்லித் துதிப்பேன்!

ஆராய்ச்சியை முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். மறுபடியும் வந்து உட்காருங்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். சிலுவையில் ஆண்டவரே வாய்விட்டுக் கதறினாரே, அவரை அவிசுவாசி என்போமா? மறைக்காமல் அவரிடம் போங்கள், அவர் முகம் சுளிக்கமாட்டார். எங்கள் வீட்டில் இப்போது தாவீது முழங்கால் போட்டதும் ஜெபம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது: "ஆண்டவரே, இன்னிக்கு நாலு."