பால் கொதித்த சராசரி

டொரொன்டோவில் எங்கள் அலுவலகத்தில் லூப் போடுகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். ஏபிஎல் என்ற கணினி மொழியில் எண் வரிசை முழுவதையும் ஒரே வரியில் கணக்குப் போட்டு முடிப்பதுதான் அங்கே கௌரவம். ஒவ்வொரு எண்ணாக எடுத்துச் சுற்றிச் சுற்றி வருவது மட்டமாம். சுத்த வறட்டு ஜம்பம்.

டோரீன் பிக்கெட் எனக்குப் பக்கத்து மேஜை. டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள், கணவனைப் பிரிந்த பிறகு இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுக்கு ஒரே வாடிக்கையாளர், குவெல்ஃப் ஊருக்குப் பக்கத்துப் பால் பண்ணை. குளிர்கிடங்கில் ஒவ்வொரு முறை வெப்பநிலை எடுக்கும்போதும், அதுவரைக்குமான சராசரி அவர்களுக்கு வேண்டும். அன்று மாலைக்குள் கணக்கு வராவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகிறோம் என்றார்கள். அவர்கள் போனால் டோரீனும் போகவேண்டியதுதான் என்று மேலாளர் லோர்ன் நாசூக்காகச் சொல்லியிருந்தார்.

அவள் எழுதிய ஒற்றை வரி அழகுதான். ஆனால் குளிர்காலம் முழுவதற்குமான அளவுகளைக் கொடுத்ததும், இடம் போதவில்லை என்று டெர்மினல் அச்சடித்துவிட்டது. அத்தனை கூட்டுத்தொகைகளையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள எங்களுக்கு ஒதுக்கிய நினைவகம் பற்றவில்லை.

"பேசாம லூப் போடு," என்றேன். "பழைய சராசரி, இதுவரை எத்தனை எண், இந்த ரெண்டை மட்டும் கையில வச்சுக்க. புது எண் வந்தா சராசரிக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணிக்கையால வகுத்து, சராசரியோட கூட்டு. பழசையெல்லாம் மறந்துடு."

"லூப்பா? இவனுங்க கிண்டல் பண்ணியே என்னைக் கொன்னுடுவானுங்க, ஸ்டான்."

"வேலை போனா மட்டும் மாலை போடுவாங்களா?"

முறைத்துக்கொண்டே எழுதினாள். ஓட்டினோம். நான்கு டிகிரியில் தொடங்கிய சராசரி ஏறிக்கொண்டே போய் நூறைத் தாண்டியது.

"பால் பொங்கிடுச்சு, அடுப்பை அணை," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுதிய வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஏபிஎல் வலப்பக்கத்திலிருந்து கணக்குப் போடும். கழிப்பதற்கு முன்பே வகுத்துத் தொலைத்திருந்தது. அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டதும் சராசரி நான்கை ஒட்டியே நின்றது. எனக்கே அப்பாடா என்று இருந்தது.

நாங்கள் அனுப்பியதைப் பண்ணைக்காரர் தம் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னார்: "சரியா இருக்கும்மா. இனிமே தினமும் அனுப்புங்க."

லோர்ன் வந்து, அச்சடித்த தாளை எட்டிப் பார்த்தார்.

"இது லூப்தானே?"

"ஆமா."

"பண்ணைக்காரங்க?"

"இருக்காங்க."

அவர் மூக்கைச் சொறிந்தார். "அப்ப நீங்களும் இருங்க."

அவர் அறைக்கதவு சாத்தும்வரை டோரீன் பொறுத்திருந்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டிலிருந்த பிள்ளைகளுக்குப் போன் போட்டாள்.

"கோட்டை மாட்டிட்டு ரெடியா இருங்க. இன்னிக்கு வெளிய சாப்பிடுறோம்."