நாற்றங்காலில் குடித்த தீர்த்தம்

இதை எழுதினால் ஊர் சிரிக்குமே என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். இன்று எங்கள் மலைச்சாமி சேர்வராயன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஒரு கோடை. கரடியூரில் எங்கள் ஊற்று வற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இருந்த மொட்டைச் சரிவில் மரம் நட வேண்டும் என்றார்கள் வனத்துறையினர். எந்த மரம் என்று முடிவாகவில்லை.

பூப்பறிக்கப் போன நான், அதற்காகக் கன்று வளர்த்த நாற்றங்காலில் எட்டிப் பார்த்தேன். ஒரே உயரக் கன்றுகள், இலைகளைச் சுற்றிக் கட்டிய பாலிதீன் பைகள், ஒவ்வொரு பைக்குள்ளும் தண்ணீர். மழையோ பெய்யவில்லை. சாமி இறங்கிவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூஜைக் கரண்டியை எடுத்துவந்து ஒரு பை விடாமல் குடித்துவிட்டேன்.

நாற்றங்காலில் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"ஏனுங்க அக்கா, அது இலை விடுற தண்ணிங்க. எந்தக் கன்னு தண்ணிய நொம்பச் செலவழிக்குதுன்னு பாக்கக் கட்டுனதுங்க. சிக்கனமான கன்னுகளத்தான் ஊத்துக்கு மேல நடோணும். இனி எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கரண்டிக்கு ஒரு சுத்துக் கோயிலச் சுத்தறதா வேண்டிக்கிட்டு எண்ணித்தானுங்க குடிச்சேன். தைல மரத்துல ஒம்பது கரண்டி. இந்த வேங்கையில ரெண்டே ரெண்டு. கஞ்சச் சாமின்னு திட்டிட்டு வந்தனுங்க."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். சரிவில் வேங்கையைத்தான் நட்டார்கள்.

அள்ளிக் கொடுத்த தைல மரத்தைக் கும்பிட்டேன். ஊற்றைக் காப்பாற்றியது நான் திட்டிய சாமி. இன்றும் வேங்கையைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊற்றில் குடத்தை வைக்கிறேன்.

யாரிடமாவது சொன்னால் இதை இப்படியே சொல்லுங்கள். கரண்டிக் கணக்கை மட்டும் கூட்டிவிடாதீர்கள். கோயிலை நான்தான் சுற்ற வேண்டும்.