கருடன் வராத தபசு

இது சத்தியமாக நடந்த கதை. திரௌபதி அம்மன்மேல் ஆணை, ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. சரி, மல்லாட்டைக் கடலை உடைக்கிற கையை நிறுத்திவிட்டு அப்படி முறைக்காதே குப்பம்மா, ஒத்துக்கொள்கிறேன். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருப்பேன். கூழ் கெட்டியாக இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கரைப்பதில்லையா? ஊற்றினதால் அது கூழ் இல்லை என்றாகிவிடுமா? கேப்பை நிஜம். தண்ணீர்தான் என்னுடையது.

ஒட்டனேரி விக்கிரவாண்டிக்கு மேற்கே, ரயில் கூவினால் காதில் விழும் தூரத்தில் இருக்கிறது. அந்த ஊர்க் கூலிக்காரி பவுனு. பெயரில்தான் பவுன், உடம்பில் குன்றிமணித் தங்கம் கிடையாது. முகையூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை, ஆனால் ஊரில் அவள் குனியாத நிலமும் இல்லை. ஆடியில் கேப்பை நடவு, புரட்டாசியில் களை. ஐப்பசி மழையில் கோணியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நெல் நடவு. தையில் அறுப்பு, பங்குனியில் மல்லாட்டை பிடுங்கல். அவள் நட்ட நாற்றை வரிசையாக வைத்தால் காசிக்குப் போய், அங்கே ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, ராமேசுவரம் வரைக்கும் வரும். அவள் நடவுப் பாட்டை எடுத்தால் அடுத்த ஊர் மாடு தானாக வந்து இந்த ஊர் ஏரில் நிற்கும். சித்திரை பிறந்தால் மட்டும் அவளுக்கு வேலை இல்லை. வயல் வெடித்துக் கிடக்கும், வயிறு காய்ந்து கிடக்கும், ஊர் கூடி மழைக்காக அம்மனுக்குப் பாரதக் கூத்து வைக்கும்.

அந்தக் கூத்து வந்தாலே பவுனுக்குத் தூக்கம் கிடையாது. ஏனென்றால் அர்ச்சுனன் அவள் புருஷன்.

மாயவன் ஆள் பனைமர உயரம், பேச்சு அதைவிட உயரம். அவனுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது என்பதால்தான் தபசு மரம் அவனுக்கு வந்தது. கோயில் எதிரே வெட்டவெளியில் பெரிய பனையை நட்டு, ஏறக் குறுக்குக் கட்டைகள் அடித்து, உச்சியில் ஒரு ஆள் நிற்கப் பலகை வைத்திருப்பார்கள். சிவனிடம் அம்பு வாங்கத் தவம் செய்கிற அர்ச்சுனன், முந்தின நாளிலிருந்தே சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், கட்டைக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவான். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவான். வானத்தில் கருடன் வந்து வட்டம் போடும். வெள்ளைக் கழுத்துச் செம்பருந்து. அதைப் பார்த்து ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் அர்ச்சுனன் கீழே இறங்கலாம். கருடன் வராமல் இறங்கினால் அந்த வருஷம் மழை இல்லை. பக்கத்து ஊரில் ஒருத்தன் அப்படி இறங்கினான். விரதத்தில் குறை என்று சொல்லி, மூட்டை முடிச்சோடு அவனை எல்லை தாண்டி விரட்டிவிட்டார்கள்.

எல்லா வருஷமும் கருடன் தவறாமல் வந்தது. ஏன் வராது? கோயிலுக்குப் பின்னாலேயே ஏரி. ஏரி நிறைய மீன். மீன் இருக்கிற இடத்தில் செம்பருந்துக்கு என்ன குறை?

நான் சொல்கிற வருஷம் உலகச் சண்டைக் காலம். ஊரில் மண்ணெண்ணெய் இல்லை, அரிசி இல்லை, ஐப்பசி மழையும் இல்லை. தை மாதத்திலேயே ஏரி வற்றிவிட்டது. மிச்சமிருந்த சேற்றில் இறங்கி, அயிரைக் குஞ்சைக்கூட விடாமல் ஊரே அரித்துத் தின்றுவிட்டது. கொக்கு போயிற்று, நாரை போயிற்று. தபசுக்கு முதல் நாள் பவுனு வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், மானத்துல ஒரு பருந்தக் காணோம்யா. நாளிக்கி இன்னா பண்ணுவ?"

"ஏம்மே, நான் பாடற பாட்டுக்குக் கருடன் இன்னா, கருடன் பொண்டாட்டி புள்ள, மாமியா வூட்டு சனம் எல்லாம் வண்டி கட்டிக்கினு வரும். நீ பேஜாரு பண்ணாத."

மறுநாள் காலையில் அரிதாரம் பூசி, காவி கட்டி, உருத்திராட்சம் போட்டுக்கொண்டு மாயவன் ஏறினான். கீழே முகவீணையும் மத்தளமும் முழங்கின. பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றிக் குப்புறப் படுத்திருந்தார்கள். அவன் வீசின பழம் எல்லாம் சுற்றி நின்றவர்கள் மடியில் விழுந்தது. பாட்டு எல்லாம் முடிந்தது. ஊர் ஒரே தலையாக அண்ணாந்து பார்த்தது.

வானம் துடைத்துவைத்த வெண்கலத் தட்டு மாதிரி இருந்தது. ஒரு காக்கைகூட இல்லை.

"இன்னொரு தபா பாடுடா!" என்று கத்தினார் கோயில் தருமகர்த்தா வெங்கடாசலம். மீசை பெரிசு, கண்பார்வை சின்னது. எதிரில் நிற்பது எருமையா மச்சானா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

மாயவன் இன்னொரு முறை பாடினான். பிறகு இன்னொரு முறை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. தரையில் நெல்லைக் கொட்டியிருந்தால் பொரிந்திருக்கும். அவன் குரல் முதலில் கரகரத்தது, பிறகு கீச்சிட்டது, பிறகு வாய் மட்டும் அசைந்தது. முகத்து அரிதாரம் உருகி மார்பில் கோடு கோடாக வழிந்தது. கையால் கட்டையைப் பிடித்திருந்தான். பிடி நழுவுவதும் அவன் மாற்றிப் பிடிப்பதும் கீழே பவுனுக்குத் தெரிந்தன.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"பெரியவரே, அவரு வாயில தண்ணி பட்டு ஒரு நாளாச்சிங்க. கண்ணு சொருவுதுங்க. எறங்கச் சொல்லுங்க."

"கருடன் வராம எப்பிடிம்மா எறங்கறது? ஊருக்கு மழ வாணாமா?"

"மழ வரும்போது அவரு இருக்க வாணாமாங்க?"

"இந்தா பவுனு, வாய அடக்கு. விரதம் சுத்தமா இருந்தா கருடன் இந்நேரம் வந்திருக்கும். ஊட்ல இன்னாத்தத் தின்னீங்களோ, அம்மனுக்குத்தான் வெளிச்சம்."

அந்தப் பேச்சு கூட்டத்தில் புகை மாதிரி பரவியது. விரதம் கெட்டுடுச்சாமே, விரதம் கெட்டுடுச்சாமே. மேலேயே நின்றால் அவன் உயிர் போகும். கீழே இறங்கினால் ஊர் போகும், கூலி போகும், குடிசை போகும். மாயவனுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அவன் இறங்கவில்லை.

நின்று அழுது என்ன ஆகப்போகிறது? பவுனு ஏரிப் பக்கம் ஓடினாள். எங்கேயாவது ஒரு செம்பருந்து தென்படாதா என்று கரையில் ஏறிப் பார்த்தாள். ஏரி பிளந்த பாதம் மாதிரி கிடந்தது. அப்போது ஊர் எல்லைப் புளியமரத்தடியில் ஒரு குரல் கேட்டது.

"தூ, போ சனியனே! போவியா மாட்டியா?"

மரக்காணத்து ஜெயம்மாள். திண்டிவனத்தில் ரயில் ஏறி வந்து ஊர் ஊராகக் கருவாடு விற்பவள். கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் கவுச்சி நுழையக் கூடாது என்பதால் எல்லையிலேயே கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பனை ஓலை. யாரை விரட்டுகிறாள் என்று பவுனு அண்ணாந்து பார்த்தாள்.

புளியமரத்துக்கு மேலே, வெள்ளைக் கழுத்தோடு, சாட்சாத் கருடன்.

"அய்யோ அண்ணி, வெரட்டாதீங்க! அத வெரட்டாதீங்க!"

"இன்னாடி வெரட்டாத? விக்கிரவாண்டி டேசன்லேர்ந்து என் கூடையப் புடிச்சிக்கினே வருது. ரெண்டு நெத்திலிக் கருவாட்டத் தூக்கிக்கினு பூடுச்சி. இதுக்கு நானு தனியா வேற யாவாரம் பண்ணணுமா?"

பவுனு மூச்சு வாங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். "கூடைய எடுத்துக்கினு மரத்தாண்ட வாங்க அண்ணி. உங்க காலுல வுழறேன்."

ஜெயம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "காப்புக் கட்டின ஊருக்குள்ள கருவாடா? தெய்வக் குத்தம்டி. நானு கடலுக்குப் புருஷன அனுப்பறவ. எனக்கு வாணாம் இந்தப் பாவம்."

"பாவம் எனக்கு வரட்டும். கருவாடு குடுங்க."

ஜெயம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூடைமேல் இருந்த சாக்கை மட்டும் விலக்கினாள். "நானு பாக்கல. பருந்து தூக்கிக்கினு போன கணக்கு. ஜல்தி போ."

கைக்கு முதலில் வந்தது வாளைக் கருவாடு. கை நீளம், வெள்ளித் தகடு மாதிரி பளபளப்பு. அதை முந்தானையில் சுருட்டிக்கொண்டு பவுனு ஓடிய ஓட்டத்தில் பின்னால் கிளம்பிய புழுதி விழுப்புரம் வரைக்கும் போய் அங்கே இரண்டு பேர் தும்மினார்கள். வழியெல்லாம் முந்தானையை விரித்துக் கருவாட்டை மேலே காட்டினாள். ஆள் தெரிந்தால் மூடினாள். பருந்து விட்டு விட்டுத் தொடர்ந்தது.

கோயிலுக்குப் பின்னால் வெங்கடாசலத்தின் வைக்கோல் போர். பவுனு கருவாட்டை அதன் உச்சிக்கு வீசிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தாள். அண்ணாந்து பார்த்தாள். பருந்து தூரத்திலேயே நின்றுவிட்டது. மத்தளச் சத்தத்துக்கு மிரண்டு, கிட்ட வருவதும் விலகுவதுமாக இருந்தது.

மேலே மாயவனின் கால் வழுக்கியது.

கூட்டம் "ஓ" என்று அலறியது. ஒரு கை கட்டையில், உடம்பு காற்றில். குப்புறப் படுத்திருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். பவுனு மட்டும் மரத்தடிக்கு ஓடி, அவ்வளவு பெரிய ஆளை ஏந்திவிடப் போகிறவள் மாதிரி மடியை விரித்து நின்றாள். அவன் காலால் துழாவினான். கட்டை அகப்படவில்லை. மறுபடி துழாவினான். கட்டைவிரல் பட்டது.

மத்தளக்காரன் பயத்தில் அடிப்பதை நிறுத்தியிருந்தான். அந்த அமைதியில் பருந்து சரேலென்று வைக்கோல் போரில் இறங்கியது.

ஏறும்போது அதன் காலில் வாளை தொங்கியது. கூட்டத்தைக் கண்டு மிரண்டு, தபசு மரத்தைச் சுற்றிச் சுற்றி மேலே போயிற்று. பவுனு தலையில் கை வைத்துக்கொண்டாள். வட்டம் போடக் கூப்பிட்டால், இது கருவாட்டை அல்லவா ஊருக்கே காட்டுகிறது!

வெங்கடாசலம் நெற்றியில் கை வைத்துக் கண்ணை இடுக்கினார். நீளமாக, வளைந்து நெளிந்து, வெயிலில் மின்னிக்கொண்டு ஏதோ ஒன்று.

"பாம்புடா!" என்று கத்தினார். "கருடன் பாம்போட வந்துட்டாருடா! ஆதிசேஷனையே தூக்கிக்கினு வந்துட்டாரு!"

அவ்வளவுதான். ஊர் மண்ணில் விழுந்தது. தேங்காய் உடைந்தது, குலவை எழுந்தது. அந்தக் கூச்சலில் கருடன் இன்னும் மிரண்டது. வாளையின் வால் பிய்ந்து சுழன்று சுழன்று வந்து, சரியாக வெங்கடாசலத்துக்கு முன்னால் விழுந்தது.

அவர் கும்பிட்டுத் தலை நிமிர்வதற்குள் பவுனு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் வந்தவள் மாதிரி, "எம்மா, தாயே!" என்று தலையை ஆட்டினாள். எழுந்திருக்க முடியாது. மாயவனோ தள்ளாடித் தள்ளாடி இறங்கிக்கொண்டிருந்தான். நடுவில் நின்று, கண்ணை மூடி, மறுபடி இறங்கினான். ஒவ்வொரு கட்டைக்கும் அவளுக்கு உயிர் போய் வந்தது. ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்றால் அடியில் வாளை. கடைசிக் கட்டைகளில் அவன் கைவிட்டுச் சரிந்தான். நாலு பேர் தாங்கி, அவள் பக்கத்திலேயே கொண்டுவந்து கிடத்தினார்கள்.

வாயில் தண்ணீர் ஊற்றினதும் கண்ணைத் திறந்தான். மூக்கு இரண்டு தரம் விரிந்தது.

"ஏம்மே," என்றான் மெல்ல, "உன் மேல இன்னா கருவாட்டு நாத்தம்?"

வெங்கடாசலம் திரும்பினார். அவர் மூக்கும் விரிந்தது. அதற்குப் பார்வைக் குறை கிடையாது.

பவுனு அசையவில்லை. "கருவாடு இல்லய்யா, பாம்பு. ஆதிசேஷன் என் தலைக்கு மேல போனாருல்ல, அந்த வாசன. கையெடுத்துக் கும்புடு."

மாயவன் கும்பிட்டான். வெங்கடாசலம் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு, ஊரே பார்க்கிறது என்று தெரிந்து, அவரும் கும்பிட்டார். அந்த இடத்துக்கே சூடம் ஏற்றச் சொன்னார். சூடம் எரிந்து முடிகிறவரைக்கும் பவுனு கருவாட்டின்மேல் அம்மனாக உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் மழை பெய்ததா என்றால்...

"நிறுத்துய்யா!" என்றாள் குப்பம்மாள். முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். "கருவாடாம் கருவாடு! எங்கப்பாரு அன்னிக்கி அங்க நின்னவரு. பாம்பு படம் எடுத்தத ரெண்டு கண்ணால பாத்தவரு."

"உங்கப்பாரு பகல்ல கள்ளுக் குடிச்சா கவுத்துலயும் படம் பாப்பாரு," என்றான் எதிரில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த சின்னதுரை. ஜெயம்மாளுக்கு அண்ணன் மகன். "அது எங்க அத்த கூடையில போன வாளைம்மே."

"யார்ரா கள்ளுக் குடிச்சது? காப்புக் கட்டின ஊர்ல கருவாடு வித்த கும்பலுக்குப் பேச்சப் பாரு!"

"விக்கல, குடுத்தது! இன்னொரு தபா சொல்லு, பாக்கலாம்!"

"சொன்னா இன்னாடா பண்ணுவ?"

ஒரு கை மல்லாட்டைத் தோல் பறந்து வந்து சின்னதுரை தலையில் விழுந்தது. அவன் பதிலுக்கு வீச மல்லாட்டை மூட்டையையே தூக்கிக்கொண்டு எழுந்தான்.