கதவைத் தட்டிய சிலுவைகள்

எங்கள் சபையில் வாய்நீளம் எனக்குத்தான். கரையான்சாவடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சின்னக் கோயில் அது. பின்னால் கல்லறைத் தோட்டம். அதன் நடுவே ஒரு சுவர்: இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் காலனி ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள், செத்தால் தனித்தனி. "பரலோகத்திலும் ஆண்டவர் சுவர் கட்டி வைத்திருக்கிறாரா?" என்று நான் கத்தாத கமிட்டிக் கூட்டம் கிடையாது. மூன்று வருடம் கத்தி, கடைசியில் இடிப்பதென்று முடிவானது.

சுவரை ஒட்டிய கல்லறைகளெல்லாம் மண்மேடும் மரச்சிலுவையும்தான். செங்கல் விழுந்து உடைந்துவிடுமே என்று சிலுவைகளைப் பிடுங்கிக் கொட்டகையில் அடுக்கினோம். எது எங்கே என்று ஒரு படம் வரைந்து வைக்கலாமா என்று பாஸ்டர் கேட்டார். "அவரவர் வீட்டு ஆள் அவரவருக்குத் தெரியாதா?" என்றேன். வெள்ளிக்கிழமை சுவர் விழுந்தது. அடையாளமே இருக்கக் கூடாதென்று அஸ்திவாரத்தையும் தோண்டி எடுத்தோம். அதுவும் என் யோசனைதான். ஞாயிறு ஆராதனை முடிந்து, இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து சிலுவைகளைத் திரும்ப நடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது.

ஞாயிறன்று கூவம் கரை மீறியது. தாழ்வான தெருக்களிலிருந்து வந்தவர்களைச் சாதி மதம் பார்க்காமல் கோயிலுக்குள் சேர்த்தோம். பாடகர் குழு உட்காரும் இடத்தில் அடுப்பு மூட்டி உப்புமா கிண்டினோம். அதிலெல்லாம் நாங்கள் குறை வைக்கவில்லை. கரண்ட் இல்லை. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. தண்ணீர் வாசலின் மேல்படிவரை ஏறியிருந்தது.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக இரண்டு தட்டு. சற்று நிறுத்தி, மூன்று.

"யக்கா, யாரோ தட்டிகினு கீறாங்க, தொறந்து உடு," என்றாள் காலனிப் பெண் ஒருத்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் கூட்டிப் பெருக்குகிறவள். ஒரே மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, சுவரின் அந்தப் பக்கம் புதைத்தவள்.

திறந்தேன். ஆள் யாரும் இல்லை. கொட்டகையில் அடுக்கிய சிலுவைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வந்து கதவில் இடித்தன. முதலில் என் காலில் முட்டி நின்றது என் கணவரின் பெயர் எழுதியது. ஊரில் இத்தனை பேருக்கு இடம் கொடுத்தீர்களே, எங்களுக்கு இல்லையா என்று கேட்டு வந்த மாதிரியே இருந்தது. அவளும் நானும் ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி, பக்கச் சுவரில் சாய்த்து வைத்தோம். தண்ணீர் வடியும்வரை அந்தப் பக்கம் முதுகு காட்டி யாரும் உட்காரவில்லை.

வடிந்ததும் சிலுவைகளோடு போனோம். மேடு ஒன்றுகூட மிச்சமில்லை. தோட்டம் முழுக்கச் சேறு மெழுகினாற்போலக் கிடந்தது. சிலுவையில் பெயர் இருக்கிறது, எங்கே நடுவது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து வருடமாக நான் என் கணவரின் கல்லறைக்குப் போனது சுவரின் உடைந்த மூலையிலிருந்து ஏழடி எடுத்து வைத்துத்தான். எந்தச் சுவரை ஒழி ஒழி என்றேனோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

சுவர் எங்கே நின்றது என்று ஆளுக்கு ஓர் இடம் காட்டினார்கள். குத்துமதிப்பாக ஏழடி எடுத்து வைத்து நின்றேன். எதிரே தான் காட்டிய இடத்திலிருந்து அவள், மகளின் சின்னச் சிலுவையை மார்போடு அணைத்தபடி எண்ணிக்கொண்டே வந்தாள். நாலாவது அடியில் அவள் பாதம் என் பாதத்தில் இடித்தது.

இரண்டு பேரும் நகரவில்லை. காலடியில் சேறு குமிழ் விட்டது.

"இங்க உன் ஊட்டுக்காரரு கீறாரா, எம் பொண்ணு கீறாளா, யக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டேன். எல்லோரும் பார்த்துக் கண் கலங்கினார்கள். பாஸ்டர் அடுத்த வாரப் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். அவள் தோளில் முகம் புதைத்திருந்த அந்த நேரம் முழுக்க, அந்தச் சுவர் அங்கேயே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.