ஆறாம் நாள் பிரிந்த தையல்

நாற்பத்தாறு வயதில் எனக்குச் சுன்னத்து செய்தார்கள். மதம் மாறவில்லை, சர்க்கரைதான் காரணம். மூன்று வருடமாகச் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதில் முன்தோல் அடிக்கடி வெடித்துப் புண்ணாகி, கடைசியில் இறுகிப்போய்ப் பின்னால் நகராமல் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை ஒன்றுக்குப் போகும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அருப்புக்கோட்டை டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"தோலை எடுத்துர வேண்டியதுதான். சின்ன ஆபரேஷன். ஆனா சுகர் குறைஞ்சாத்தான் கை வைப்பேன்."

நான் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மெக்கானிக். எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழி வரை எந்தத் தோட்டத்தில் மோட்டார் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். முந்நூறு அடி ஆழத்தில் கிடப்பதை மேலே எடுத்துப் பிரித்துச் சரிசெய்து இறக்குகிறவனுக்கு, மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிற அரைமணி நேர வேலை பெரிதாகத் தெரியவில்லை. ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டுச் சர்க்கரையைக் குறைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். விஷயம் என் மனைவிக்கு மட்டும் தெரியும். ஊரில் கேட்டவர்களிடம் குடலிறக்கம் என்று சொல்லி வைத்தோம்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது வீங்கி, நீலம் பாரித்து, யாருடைய உடம்போ என்பதுபோல் இருந்தது. வீக்கம் தானாக வடியும், தையல் நூல் தானாகக் கரையும் என்றார் டாக்டர். இரண்டு வாரம் பைக் ஓட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மாத்திரையை விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஆறாம் நாள் ஒரு பருத்திக்காரர் போன் செய்தார். காய் பிடிக்கிற நேரத்தில் மோட்டார் நின்று நாலு நாளாகிவிட்டது என்றார். எனக்கும் வலி குறைந்திருந்தது. பைக்கை எடுத்தேன்.

"டாக்டர் ரெண்டு வாரம்னு சொன்னாகள்ல?" என்றாள் மனைவி.

"நின்னு பாத்துட்டு மட்டும் வாரேன்."

நின்று பார்க்கத்தான் போனேன். ஆட்கள் மோட்டாரை மேலே இழுக்கும்போது பாதியில் குழாய் சிக்கிக்கொண்டது. அவர்கள் இழுக்கிற லட்சணம் பொறுக்காமல் நானும் கப்பிச் சங்கிலியில் கை வைத்தேன். இரண்டு இழுப்பில் குழாய் வந்துவிட்டது. அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து குளியலறையில் பார்த்தேன். அடிப்பக்கம் இரண்டு தையல் பிரிந்து, ஒரு விரற்கடை அளவுக்குத் தோல் வாய் பிளந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அப்போதே ஆட்டோ பிடித்திருக்க வேண்டும். டாக்டரிடம் என்ன சொல்வது என்ற கூச்சத்தில், மருந்துக்கடையில் புண் பவுடர் வாங்கி அப்பிக்கொண்டேன். அது ரத்தத்தோடு கட்டிதட்டிப் பொருக்காகி, அதற்குக் கீழே சீழ் பிடிக்க வசதியாகப் போய்விட்டது. இரண்டு நாள் இப்படி மறைத்தேன். மூன்றாம் நாள் காலையில் குளிர்க்காய்ச்சல். துவைக்க எடுத்த, சீழ்க்கறை படிந்த என் கைலியை விரித்துப் பிடித்தபடி மனைவி வந்து நின்றாள்.

"இது எத்தன நாளா இருக்கு?"

"ரெண்டு நாளாத்தான்."

"ஊரு மோட்டாரெல்லாம் ஓடணும். நீங்க மட்டும் ரிப்பேராக் கெடக்கணுமாக்கும்." சொல்லிக்கொண்டே ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.

சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. "சீழ் இருக்கிற இடத்தைத் தைக்க முடியாது. திறந்தே விட்டுத்தான் ஆற வைக்கணும். நாளாகும்" என்றார். மாத்திரை போய் இன்சுலின் வந்தது. தினமும் கட்டு மாற்றப் போகவேண்டும்.

கட்டு மாற்றிய நர்ஸுக்கு என் தங்கை வயது இருக்கும். முதல் நாள் நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சுவத்துல என்னண்ணே இருக்கு? இங்க பாருங்க. அடுத்த வாரம் வீட்ல நீங்களேதான் கழுவணும்."

பார்த்தேன். காய்ந்து ஒட்டிய துணியைப் பிய்க்காமல் உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுக்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். மஞ்சளாக இருந்தால் அழுக்கு, சிவப்பாக மணிமணியாகக் கிளம்பினால் புதுச்சதை. நாலாம் நாள் ஓரத்தில் சிவப்பு தெரிந்ததை அவருக்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன். அன்றோடு கூச்சம் போனது.

அந்த வாரத்தில் வீரசோழனிலிருந்து என் முஸ்லிம் சிநேகிதன் பார்க்க வந்தான். ஜவுளி வியாபாரம் செய்கிறவன், இருபது வருடப் பழக்கம். குடலிறக்கத்துக்கு என்று ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். அவனிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"ஏலே, எங்க ஊர்ல ஏழு வயசுப் பய கூடப் பத்து நாளைக்கு ஆடாம அசையாமப் படுத்துக் கெடப்பான். நீ ஆறாம் நாளு கொழாயத் தூக்குனியாக்கும்."

புண்ணில் துணி உரசுகிறது என்றேன். அவன் நாற்காலி போட்டு ஏறி, விட்டத்துக் கொக்கியில் கயிறு கட்டி, என் கைலியின் நடுப்பகுதியை மேலே தூக்கிக் கூடாரம்போல் முடிந்துவிட்டான். அவர்கள் வீடுகளில் அப்படித்தான் செய்வார்களாம். காபி கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். தையல் பிரிந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. துணி உரசாததால் அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

புண் மூட ஐந்து வாரம் ஆனது. விடிகாலையில் உடம்பு தானாக விறைக்கும்போது உயிர் போகிற வலி எடுக்கும். எழுந்து நாலு எட்டு நடந்தால் அடங்கும். அதுவும் போகப்போகக் குறைந்தது. இப்போது அடிப்பக்கம் ஒரு தழும்பு மேடு மட்டும் இருக்கிறது. வேறு எந்தக் குறையும் இல்லை. ஒன்றுக்குப் போவது வலியில்லாத காரியம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இன்சுலினை நானே போட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் திருச்சுழிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. தோட்டக்காரர் வேலியோரம் ஒன்றுக்கு ஒதுங்கியவர் வெகுநேரம் கழித்து, முகம் வேர்த்துத் திரும்பி வந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, சுகர் பாத்தீகளா?" என்று ஆரம்பித்து, எனக்கு நடந்ததையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். அவர் மண்வெட்டிக் காம்பைப் பிடித்தபடி கேட்டார்.

"ரொம்ப வலிக்குமா தம்பி?"

"அண்ணே, நீங்க இப்பப் படுறத விடக் கம்மிதான். டாக்டர் சொன்னபடி கெடந்தீகன்னா சீக்கிரம் ஆறிரும். வெள்ளிக்கிழம பஸ் ஸ்டாப்புக்கு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை எனக்கு முன்னாலேயே அவர் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றுகொண்டிருந்தார்.