ஒரே சிப்புக்கு இரண்டு டிரைவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஜார்ஜ்டவுனில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்த சிறிய கம்பெனியில் வேலை பார்த்தேன். ரிலே எனும் மின்சுவிட்சுகளைச் சோதிக்கும் இயந்திரங்கள் செய்தோம். அவற்றை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலையும் நாங்களே எழுதினோம். பெரும்பகுதி என் கைவேலை. பழைய போர்டில் ஒரு வகை பிராசசர். விலை ஏறியதால் புதிய போர்டில் வேறு வகை.

புதிய போர்டு என்னோடு வேலை செய்த பெண்ணின் பொறுப்பு. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் பஸ்ஸும் ஃபெரியும் பிடித்து வருவாள். அவள் தகுதிகாண் காலம் முடியவிருந்தது. முதல் இயந்திரம் வாடிக்கையாளரிடம் ஒழுங்காக ஓடினால்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

இரண்டு போர்டிலும் சீரியல் சிப் ஒன்றே. சோதனை முடிவை, ரிலேக்களைப் பிரித்துப் போடும் இயந்திரக் கைக்கு அனுப்புவது அதன் வேலை. அதைத் தொடும் வழிதான் வேறு: பழைய பிராசசருக்கு அதற்கென்று தனிக் கட்டளைகள் உண்டு, புதியது, நினைவகத்தைப் படிப்பதுபோலவே சிப்பையும் படிக்கும். ஆகவே சிப்பை இயக்கும் நிரலான டிரைவரின் இடம் அந்தந்தப் பிராசசருக்கான கோப்புகள் இருக்கும் டைரக்டரிதான் என்பது என் கட்சி. பழைய டிரைவர் பிறந்த இடத்திலேயே இருக்கட்டும். புதியதற்கு முழுசாக ஒரு நகல்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"சிப்பு ஒண்ணுதானே அண்ணே? டிரைவரும் பொதுவா ஒண்ணே இருக்கட்டும். படிக்கிறது, எழுதுறது, அந்த ரெண்ட மட்டும் பிராசசர் பக்கம் வைங்க. நீங்க ஒரே மாப்பிள்ளைக்கு ரெண்டு வீட்டுல பாய் விரிக்கிறீங்க லா."

"ஓடுற டிரைவர்ல கை வைக்க வேணாம்மா."

"சரி லா. நான் சொன்னேன்னு உங்க நோட்டுல எழுதி வைங்க."

எழுதினேன். எதையும் நாள், நேரத்தோடு குறித்துவைப்பது என் பழக்கம். ஆபீசில் அதற்குக் கேலியும் உண்டு.

சிம்பாங் அம்பாட்டில் இருந்த வாடிக்கையாளர் தொழிற்சாலையில் இயந்திரத்தை அவளே கொண்டுபோய் நிறுவினாள். மூன்றாம் நாள் காலை போன் வந்தது.

"அண்ணே, நல்ல ரிலேயெல்லாம் ரிஜெக்ட் பெட்டியில விழுது. வேகத்த கூட்டுனா கைக்கு அனுப்புற முடிவுல ஒரு எழுத்து காணாமப் போகுது. சூப்பர்வைசர் பக்கத்துலயே கைய கட்டிக்கிட்டு நிக்கிறாரு."

எனக்குப் பழக்கமான கோளாறு. நோட்டைப் புரட்டினேன். செவ்வாய், மாலை நாலரை: புதிய போர்டுக்கு டிரைவர் நகல் எடுத்தது. அதே வாரம் வியாழன், காலை பதினொன்று: எழுத்து தவறுவதைப் பழைய டிரைவரில் சரிசெய்தது. இரண்டும் ஒரே பக்கத்தில், என் கையெழுத்தில். திருத்தம் நகலுக்குப் போகவே இல்லை.

திருத்த வேண்டிய வரிகளைப் போனிலேயே வாசித்தேன். மத்தியானத்துக்குள் இயந்திரம் ஒழுங்காக ஓடியது. ஆனால் அதற்குள் தொழிற்சாலையிலிருந்து மேனேஜருக்குப் புகார் வந்துவிட்டது.

நோட்டோடு அவர் அறைக்குப் போனேன். டிரைவரை அங்கே வைத்தது நான், அவள் வேண்டாம் என்றாள் என்று சொல்லி அந்தப் பதிவுகளைக் காட்டினேன். படித்துவிட்டு, இவ்வளவு விவரமாக எழுதுகிறவர் எழுதியதைத் திரும்பப் படிப்பதில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவளுடைய நிரந்தரக் கடிதத்தில் அன்றே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை கடிதத்தை வாங்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"எந்திரிங்க அண்ணே."

எழுந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு டைரக்டரிகளிலும் இருந்த என் டிரைவர்களை அழித்தாள். சாயங்காலம் இரண்டு போர்டுகளிலும் அவள் எழுதிய ஒரே டிரைவர் ஓடியது. ஒவ்வொரு பிராசசர் பக்கமும் மிஞ்சியவை, படிக்க ஒன்று, எழுத ஒன்று என இரண்டு சிறிய ஃபங்ஷன்கள் மட்டுமே.